சுவரைக் கொத்தாமல் ஹோம் தியேட்டருக்கு இணையம்

ஃபைபர் கேபிள் பெரும்பாலான வீடுகளில் வாசல் பக்கமாகத்தான் நுழைகிறது. இணைப்புக் கொடுக்க வருபவர், கைக்கு எட்டும் பிளக் பாயின்ட் அருகிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். டிவியும் ரிசீவரும் ஸ்பீக்கர்களும் இருப்பதோ உள்ளறையில், அல்லது மாடியில். இடையில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள். மாடியென்றால் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். படம் பாதியில் நின்று திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியதும் பலர் முதலில் செய்வது, 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300க்கு மாற்றுவது. மாதாமாதம் கூடுதல் பணம் போகிறது. வட்டம் சுற்றுவது நிற்பதில்லை.

4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான். ரவுட்டர் வரைக்கும் அது தாராளமாகவே வந்து சேர்கிறது. அங்கிருந்து டிவிக்குப் போகும் கடைசி முப்பது அடியில்தான் சிக்கல். பணத்தையும் யோசனையையும் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்ககத்தில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாம் அந்த மூன்றிலேயே நெருக்கியடிக்கின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம்; 2018 அக்டோபரில் இந்தியா அதில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு சுவரைத் தாண்டும்போதும் அது வேகமாக வலுவிழக்கும்.

போதாக்குறைக்கு, டிவியின் வைஃபை ஆன்டெனா சிறியது. பேனலின் முதுகில், சுவரைப் பார்த்தபடி மறைந்திருக்கிறது. அதனால் டிவி, ரிசீவர், கேம் கன்சோல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைஃபையில் சேர்ப்பதைவிட, அந்த அலமாரிக்கே ஒரே ஒரு நல்ல இணைப்பைக் கொண்டுவருவது மேல். மெஷ் வைஃபையின் இரண்டாவது பெட்டியை டிவி அறையில் சிக்னல் நன்றாக வரும் இடத்தில் வையுங்கள். அதன் லேன் போர்ட்டிலிருந்து ஐந்து போர்ட் உள்ள சின்ன ஸ்விட்ச்சுக்கு ஒரு ஒயர். அங்கிருந்து ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மீட்டர் ஒயர். எல்லாம் அலமாரியின் பின்னாலேயே முடிந்துவிடும். மலிவான எக்ஸ்டெண்டர் வேண்டாம். வாங்குவதும் திருப்பி அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

சுவர்கள் மெஷ்ஷையும் மறித்தால், அந்தச் சுவர்களுக்குள்ளேயே ஓடும் மின்சார ஒயர் இருக்கிறது. மின்கம்பியில் செய்தி அனுப்புவது மின்வாரியங்களுக்குப் பழகிய வேலை. துணை மின்நிலையங்களில் உயரழுத்தக் கம்பியோடு பீப்பாய் மாதிரி தொங்கும் சுருளைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் வேவ் டிராப். கம்பி வழியே வரும் பேச்சும் பாதுகாப்புச் சமிக்ஞைகளும் நிலையத்தின் கருவிகளுக்குள் போய் வீணாகாமல் தடுத்து, தகவல் பிரிவுக்குத் திருப்புவது அதுதான்.

வீட்டில் அந்த வேலையைச் செய்வது பவர்லைன் அடாப்டர். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் அதே ஒயரில், 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைகளில் தரவு ஓடுகிறது. 2005இல் வந்த ஹோம்பிளக் ஏவி இப்படி இயங்கியது. பின்னர் வந்த ஏவி2, 86 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறி, எர்த் ஒயரையும் சேர்த்துக்கொள்கிறது. ரவுட்டர் பக்கத்தில் ஒன்று, டிவி பக்கத்தில் ஒன்று செருகி, இரண்டிலும் பட்டனை அழுத்தினால் இணைந்துகொள்ளும். தரவு பூட்டிய நிலையில் போவதால் பக்கத்து வீட்டார் படிக்க முடியாது. அட்டைப்பெட்டியில் 1000 என்று போட்டிருந்தாலும் கையில் கிடைப்பது அதில் சிறு பங்குதான். நிலையாக 50 கிடைத்தாலே 4கே படத்துக்குப் போதும்.

நம் வீடுகளில் இது தடுமாறும் இடங்கள் சில உண்டு. முதலாவது த்ரீ ஃபேஸ் இணைப்பு. ஹால் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொன்றிலும் இருந்தால் சிக்னல் வெகுவாகக் குறையும். ஒரு ஃபேஸ் போனதும் மாற்றுச் சுவிட்ச்சைத் திருப்புகிறோமே, அப்போது நன்றாக ஓடிய இணைப்பு திடீரென்று மோசமாகலாம். மோசமாக இருந்தது சரியாகவும் கூடும். இரண்டு அறையும் எந்த ஃபேஸ் என்று எலெக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்வெர்ட்டர். கரண்ட் போனாலும் நெட் இருக்கட்டும் என்று ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டிருப்போம். டிவி நேரடி லைனில் இருக்கும். இடையில் நிற்கும் இன்வெர்ட்டரே சிக்னலை மறிக்கலாம். ஸ்டெபிலைசரும் ஸ்பைக் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதிர்வெண் கூடிய அலைகளை இரைச்சல் என்று வடிகட்டிவிடும். அடாப்டரை எப்போதும் சுவர் பிளக்கிலேயே நேராகச் செருக வேண்டும். தரம் குறைந்த மொபைல் சார்ஜரை அதன் பக்கத்தில் செருகாதீர்கள்.

டிஷ்ஷை நிறுத்திவிட்ட வீடுகளில் பழைய கோஆக்சியல் கேபிள் சும்மா கிடக்கும். மோக்கா அடாப்டர் அதையே நெட்வொர்க் ஒயராக்கிவிடும். நிலைத்தன்மையில் பவர்லைனைவிட மேல். ஆனால் இரு அறைகளின் கேபிளும் மொட்டைமாடி ஸ்ப்ளிட்டரிலோ வேறெங்கோ ஒன்றுசேர வேண்டும். டிஷ் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் மோதும். மோக்கா பயன்படுத்தும் 1125–1675 மெகாஹெர்ட்ஸ், டிஷ் கேபிளில் இறங்கும் 950–2150க்குள்ளேயே வருகிறது.

எந்த வழியில் போனாலும் வீடு முழுக்க ஒரே நெட்வொர்க்காக இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரை டிவி அறையில் அப்படியே செருகினால் அது தனி நெட்வொர்க் ஒன்றை உண்டாக்கிவிடும். யூடியூப் ஓடும், ஆனால் போனிலிருந்து பாட்டை அனுப்பப் போனால் ரிசீவர் பட்டியலிலேயே வராது. அதன் அமைப்பில் அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள்.

சொந்தமாகச் சேமித்த படங்களை வீட்டுச் சர்வரிலிருந்து பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலை உயர்ந்த 4கே டிவிகள் பலவற்றிலும் லேன் போர்ட்டின் வேகம் 100 எம்பிபிஎஸ்தான். ஓடிடிக்கு அது போதும். அல்ட்ரா எச்டி புளூ-ரே தரத்திலுள்ள கோப்போ சில காட்சிகளில் 100ஐத் தாண்டும். அவர்கள் கிகாபிட் போர்ட் உள்ள தனிப் பிளேயரை ஸ்விட்ச்சில் செருகி, எச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்கு அனுப்பலாம்.

சுவருக்குள் ஒயர் எப்படி ஓடுகிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பவர்லைன் அடாப்டரைத் திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் கடையில் வாங்கி, எல்லா விளக்கும் ஃபேனும் ஏசியும் ஓடும் இரவு நேரத்தில் சோதித்துப் பாருங்கள். பகலில் சரியாக ஓடியது அப்போது திணறினால், அடாப்டரை அதே அறையின் வேறொரு பிளக்கில் செருகிப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.