புரோகிராம் சரி, கம்பைலர்தான் தப்பு: 2014-ல் லினக்ஸை முடக்கிய பிழை சிக்கியது எப்படி?

புரோகிராம் ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் எழுதியவர் மேல்தான். பெரும்பாலும் தப்பும் அவருடையதாகத்தான் இருக்கும். 'கம்பைலர்தான் காரணம்' என்று யாராவது சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் என்று சிரிப்பார்கள். ஆனா, 2014 ஜூலையில் கூடம் நிஜமாகவே கோணல்.

லினக்ஸ் கெர்னல் 3.16-ன் சோதனைப் பதிப்பு சிலரது கணினிகளில் திடீர் திடீரென முடங்கியது. எப்போது முடங்கும் என்று சொல்லவே முடியவில்லை. சிபியுக்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் 'லோட் பேலன்ஸ்' என்ற பகுதியில்தான் சிக்கல். அங்கே எழுதியிருந்த சி வரிகளில் தப்பே இல்லை.

சரி, கம்பைலர் என்ன செய்கிறது? மனிதர் எழுதியதை பிராசஸருக்கான கட்டளைகளாக மாற்றுகிறது. மாற்றும்போதே வேகத்துக்காக வரிசையைக் கலைத்து அடுக்கும், வேண்டாததை நீக்கும். இதுதான் ஆப்டிமைசேஷன். எதைச் செய்தாலும் விடை மாறக்கூடாது.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், ஜிசிசி 4.9.0 கம்பைலர் தயாரித்த அசெம்பிளி கட்டளைகளையே எடுத்துப் படித்தார். தற்காலிக மதிப்புகளை வைக்கும் நினைவகப் பகுதிக்கு ஸ்டேக் என்று பெயர். அதில் முதலில் எல்லையை நகர்த்தி இடம் பிடிக்க வேண்டும், பிறகுதான் மதிப்பை வைக்க வேண்டும். கம்பைலரோ முதலில் ஒரு முகவரியை அங்கே வைத்துவிட்டு, அப்புறம்தான் எல்லையை நகர்த்தியது. பஸ்ஸில் துண்டு போடாத சீட்டை நம்முடையது என்று நம்பிய மாதிரி.

அந்த இடைவெளியில் டைமரோ நெட்வொர்க் கார்டோ குறுக்கிட்டால் பிராசஸர் அதே இடத்தில் வேறொன்றை எழுதிவிடும். முகவரி அழியும், கணினி முடங்கும். இடைவெளி மிக மிகச் சிறியது என்பதால்தான் எப்போதாவது மட்டும் நடந்தது. சாதாரண புரோகிராம்களுக்கு எல்லைக்குக் கீழே 128 பைட் பாதுகாப்பு உண்டு. கெர்னலுக்கு அது கிடையாது.

டோர்வால்ட்ஸ் கம்பைலரைத் திட்டிய வார்த்தைகளை இங்கே போட முடியாது!

இதில் வேடிக்கை, வினை வந்தது பிழை தேட உதவும் டீபக் வசதியால். டீபக் விவரம் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் கட்டளைகள் ஒன்றாகவே இருக்க வேண்டும். இங்கே மாறின. பிழை ஜிசிசி 4.5 காலத்திலிருந்தே உள்ளே கிடந்திருக்கிறது. ஆப்டிமைசேஷனில் செய்த சிறு மாற்றங்களால் 4.9-ல் வெளியே தலைகாட்டியது.

ஜிசிசி தரப்பு பிழையைச் சரிசெய்தது. ஆனால் பழைய கம்பைலர் எத்தனை பேரிடம் இருக்கும்? அதனால் கெர்னலைக் கம்பைல் செய்யும்போது, மாறிகளின் மதிப்பைப் பின்தொடரும் அந்த ஒரு டீபக் வசதியை மட்டும் அணைத்தார்கள். டீபக் விவரம் கொஞ்சம் குறையும்தான். தப்பான கட்டளையோடு ஓடுவதற்கு அது எவ்வளவோ மேல் என்று டோர்வால்ட்ஸ் முடிவெடுத்தார்.