ஃப்ரீசருக்குப் போன க்ரீம்!

பனீர் பட்டர் மசாலாவுக்குன்னு ஒரு பாக்கெட் ஃப்ரெஷ் க்ரீம் வாங்குவீங்க. அதுல போறது நாலு ஸ்பூன். மிச்சம்? ஃப்ரிட்ஜ் கதவுலயே நின்னு, அடுத்த வாரம் புளிச்ச வாடையோட குப்பைக்குப் போகும். நாலு பேரா ரூம் எடுத்து, மளிகைக் கணக்கைப் பங்கு போடறவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்!

ஃப்ரீசர்ல வைக்கலாமா? தாராளமா. ஆனா, ஒரு விஷயம்... க்ரீம்ங்கறது தண்ணிக்குள்ள குட்டிக் குட்டிக் கொழுப்பு உருண்டைகள் மிதக்கற சமாச்சாரம். உறையும்போது உருவாகற ஐஸ் துகள்கள் அந்த உருண்டைகளோட மேல்தோலைக் கிழிச்சிடும். உருகினதும் கொழுப்பு தனியா, தண்ணி தனியா திரிதிரியா நிக்கும். பார்த்துட்டு 'கெட்டுப் போச்சு'ன்னு கொட்டிடாதீங்க பாஸ்! பிரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். கேக் மேல நுரைக்க அடிச்சுப் பூசத்தான் லாயக்கில்லை. குழம்பு, சூப், பாஸ்தாவுக்கு சூப்பரா செட் ஆகும்.

பாக்கெட்டைப் பிரிச்ச அன்னிக்கே மிச்சத்தை ஐஸ் ட்ரேயில ஊத்திடுங்க. கட்டியானதும் மூடி போட்ட டப்பாவுக்கு மாத்திடணும். இல்லைன்னா பக்கத்துல இருக்கற மீன் வாசனையையும் சேர்த்து வாங்கிக்கும்! கிரேவி ரெடியானதும் அடுப்பை சிம்ல வெச்சு, ரெண்டு கட்டி போட்டுக் கலக்குங்க. தக்காளிப் புளிப்புல தளதளன்னு கொதிக்கவிட்டா திரிஞ்சிடும். ஒரு தடவை உருகினதைத் திரும்ப உறைய வைக்காதீங்க.

இப்போ காமெடியைக் கேளுங்க. கேக்குக்கு வில்லனான அந்தப் பிரிதல், வெண்ணெய்க்கு ஹீரோ! வெண்ணெய் எடுக்கறதே கொழுப்பைப் பிரிக்கறதுதானே? தினமும் காய்ச்சின பால்ல படியற ஏட்டை ஒரு டப்பாவுல சேர்த்து ஃப்ரீசர்லயே வைங்க. கீழ்த் தட்டுல வெச்சா நாலஞ்சு நாள்ல நாத்தம் பிடிச்சு, நெய்யும் அதே வாசம் வீசும். 6 சதவிகிதக் கொழுப்புள்ள ஃபுல் க்ரீம் பால்னா டப்பா சீக்கிரம் நிறையும். 3 சதவிகித டோன்டு பால்னா கொஞ்சம் பொறுமை வேணும்.

டப்பா நிறைஞ்சதும் ராத்திரி கீழ்த் தட்டுக்கு மாத்தி உருகவிடுங்க. காலையில ஒரு ஸ்பூன் தயிர் கலந்து வெளியில வெச்சு, சாயங்காலம் ஐஸ் தண்ணி விட்டு மிக்ஸியில விட்டு விட்டு ஓட்டினா வெண்ணெய் திரண்டு மேல வந்துடும். ரெண்டு தடவை அலசி, உருக்கி, கடைசியில ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டு இறக்குங்க.

வாசனைக்குப் பக்கத்து ரூம் பசங்க தட்டோட வந்தா நாங்க பொறுப்பில்லை!