ஆமைக்கு நம்மைத் தெரியும்

கில்பர்ட் வைட் இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார். 18ஆம் நூற்றாண்டின் கூர்மையான இயற்கை ஆய்வாளர்களில் ஒருவர். ரிங்மர் என்ற ஊரில் அவருடைய அத்தை ரெபெக்கா ஸ்னூக்கின் தோட்டத்தில் டிமதி என்றொரு தரை ஆமை வளர்ந்தது. அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வைட் அதைக் கவனித்துக் குறிப்பெடுப்பார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தனக்குத் தீனி வைத்த அந்த மூதாட்டி கண்ணில் பட்டதும் ஆமை தட்டுத்தடுமாறி அவரை நோக்கி விரைகிறது, வேற்றாள் வந்தால் பொருட்படுத்துவதில்லை என்று அவர் எழுதினார். 1789இல் வெளியான அவருடைய செல்போர்ன் நூலில் இது இருக்கிறது.

1780இல் அத்தை இறந்தார். குளிர்கால உறக்கத்தில் இருந்த டிமதியைத் தோண்டியெடுத்து, மண் நிரப்பிய பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் 80 மைல் கொண்டுவந்து தன் தோட்டத்தில் விட்டார் வைட். அவ்வப்போது எடை பார்த்தார். பேச்சுக்குழாயை வாயில் வைத்து உரக்கக் கூப்பிட்டும் பார்த்தார், ஆமை சட்டைசெய்யவில்லை. 1793இல் வைட் மறைந்தார். அடுத்த ஆண்டு டிமதியும் இறந்தது. ஓட்டைப் பின்னர் ஆராய்ந்தபோதுதான் அது பெண் ஆமை என்று தெரிந்தது. பல பத்தாண்டுகள் தங்களோடு வாழ்ந்த உயிரை அத்தனை பேரும் ஆண் என்றே அழைத்திருக்கிறார்கள். அந்த ஓடு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது ஒன்றுதான். ஆமை தன் ஆளைத் தெரிந்துவைத்திருந்தது. ஆட்கள்தான் ஆமையைச் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. அன்பில் அவர்கள் குறை வைக்கவில்லை. ஆமை வளர்ப்பவர்களின் நிலை இன்றும் பெரும்பாலும் இதுதான்.

நாய் நம்மோடு ஒட்டிக்கொள்வதற்கு ஏற்கெனவே ஒரு பாதை இருக்கிறது. தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பை உண்டாக்கும் ஆக்சிடோசின் என்ற இயக்குநீர், நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரு பக்கமும் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். ஆமையின் வாழ்க்கை வேறு. பெரும்பாலான ஆமை இனங்களில் தாய் குழி தோண்டி முட்டையிட்டு, மண்ணை மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு வெளியே வரும்போது வளர்க்க யாரும் இல்லை. எலிசபெத்தா வெர்சாச்சே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இத்தாலியில் பொரித்த தரை ஆமைக் குஞ்சுகளை இரண்டிரண்டாகச் சந்திக்க விட்டுப் பார்த்தார்கள். கூட வளர்ந்த குஞ்சை அவை கண்டுகொள்ளவில்லை. அறிமுகமில்லாத குஞ்சிடமிருந்து விலகிப் போயின. 2018இல் வெளியான முடிவு இது. தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்ற பாகுபாடு மிக இளம் வயதிலேயே இருக்கிறது. ஆனால் துணை தேடும் ஏக்கம் இல்லை.

அதே குழு 2020இல் இன்னொன்றைக் கண்டறிந்தது. எந்த முகத்தையும் பார்த்திராத குஞ்சுகளின் முன் பல உருவங்களை வைத்தபோது, இரு கண்ணும் ஒரு வாயும் போல் புள்ளிகள் அமைந்த உருவத்தை நோக்கியே அவை அதிகம் நகர்ந்தன. தாய் முகம் பார்த்து வளரும் கோழிக்குஞ்சுக்கும் மனிதக் குழந்தைக்கும் இந்த நாட்டம் உண்டு. தாயே இல்லாமல் வளரும் ஆமைக்கும் ஏன் இருக்கிறது? பேணி வளர்க்கும் பழக்கம் தோன்றுவதற்கு முன்பே, உயிருள்ளதைக் கண்டறியும் கருவியாக இது முதுகெலும்பிகளிடம் இருந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஐங்குறுநூற்றின் மருதப் பாடல் ஒன்றில் ஆமைக்குஞ்சு தாயின் முகத்தைப் பார்த்தே வளர்வதாக வரும். தாய் உடனிருக்கிறாள் என்பதைப் பெரும்பாலான ஆமைகளின் வாழ்க்கை மறுக்கிறது. முகத்தை நாடும் இயல்பு மட்டும் உண்மையாகவே இருக்கிறது என்பது எனக்குப் பெரும் வியப்பு.

உறவுக்கு வித்தாக இருப்பது நினைவு. வியன்னா, சூரிச் விலங்குக் காட்சியகங்களின் ராட்சத ஆமைகளுக்குக் குச்சி முனையில் மாட்டிய வண்ணப் பந்தைக் கவ்வினால் தீனி என்று பழக்கினார்கள். மூன்று மாதம் கழித்தும் மறக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து வியன்னாவின் மூன்று ஆமைகளிடம் அதே பந்தை நீட்டியபோதும் கவ்வ வந்தன. தனியாகப் பழகியதைவிடக் கூட்டமாகப் பழகியபோது விரைவாகக் கற்றுக்கொண்டன. தமார் குட்னிக்கும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒன்பது ஆண்டு நினைவு வைத்திருக்கும் உயிர், தினமும் கீரை கொண்டுவரும் ஆளின் நடையையும் உருவத்தையும் மறக்குமா?

‘தீனிக்காக வருகிறது, இதில் பாசம் எங்கே?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் தீனி கையில் இல்லாதபோதும் கழுத்தைத் தடவினால் நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும் ஆமைகள் இருக்கின்றன. கலாபகஸ் தீவுகளில் இதற்கு விளக்கம் கிடைக்கிறது. அங்கே சிட்டுகள் முன்னால் வந்து தத்தினால், ராட்சத ஆமை நான்கு காலையும் ஊன்றி எழுந்து கழுத்தை முழுக்க நீட்டும். மடிப்புகளில் இருக்கும் உண்ணிகளைச் சிட்டுகள் கொத்தித் தின்னும். இன்னோர் உயிர் தன்னைத் தொடுவதை நன்மையாக ஏற்றுக்கொள்ளும் பழக்கம் ஆமையிடம் உண்டு. ஓட்டைத் தட்டினாலும் அதற்குத் தெரியும். ஓடு என்பது விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து விரிந்த உயிருள்ள எலும்பு; தொடுவதையும் வலியையும் அது உணரும். ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டுவதும் வண்ணம் பூசுவதும் கொடுமை.

குரல் பற்றியும் நம் எண்ணம் மாறிவிட்டது. வைட்டின் பேச்சுக்குழாயை டிமதி சட்டைசெய்யாததால் அது செவிடு என்று ஆகிவிடாது. ஆமைகளின் காது தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளுக்கே ஏற்றது. செயின்ட் ஹெலினா தீவில் இருக்கும் ஜொனாதன் என்ற ராட்சத ஆமை 1832 வாக்கில் பிறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. கண்புரையால் பார்வை போய்விட்டது, மோப்பமும் போய்விட்டது. ஆனால் பல ஆண்டுகள் அதற்குக் கையால் ஊட்டிய கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸின் குரலுக்கு அது திரும்பியது. ஆமைகள் தாமும் ஒலி எழுப்புகின்றன. சூரிச் பல்கலைக்கழகத்தின் கப்ரியேல் யோர்கெவிச் கோஹன் முதலில் தன் வீட்டு ஆமைகளின் ஒலியைத்தான் பதிவுசெய்தார். அங்கிருந்து தொடங்கி, ஊமை என்று கருதப்பட்ட 50 ஆமை இனங்கள் ஒலி எழுப்புவதை 2022இல் வெளியிட்டார். வளர்த்தவரின் உற்றுநோக்கலே அறிவியலானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஆமைக்குச் சலிப்பு உண்டு, வேதனையும் உண்டு. வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சியகத்தில் பிக்ஃபேஸ் என்ற நைல் மென்னோட்டு ஆமை தன்னைத் தானே கடித்தும் பிறாண்டியும் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. தொட்டியில் பந்துகளும் வளையங்களும் போட்டார்கள். அது அவற்றோடு விளையாடத் தொடங்கியது. தன்னைக் காயப்படுத்துவது குறைந்தது. கோர்டன் பர்கார்ட் இதை 1996இல் எழுதியபோது, ஊர்வன விளையாடும் என்பதைப் பலர் நம்பவில்லை. சிவப்புக் கால் ஆமைகளுக்கு நீடித்த மனநிலை உண்டு என்பதற்கு லிங்கன் பல்கலைக்கழகக் குழு 2025இல் சான்று தந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, நம் ஊர் மீன் கடைகளில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விற்கப்படும் அந்தப் பச்சைக் குட்டிகளைப் பார்க்க மனம் கேட்பதில்லை. அவை மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த செங்காது ஆமைகள். ‘ஆமை புகுந்த வீடு’ என்று பயந்த ஊரில், அதிர்ஷ்டம் தரும் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கும்போது தீப்பெட்டி அளவுதான். பெண் ஆமையின் ஓடு 25 செ.மீ.க்கு மேல் நீளும். ஆயுள் 20, 30 ஆண்டுகள். வெயிலின் புற ஊதாக் கதிர் இல்லாவிட்டால் எலும்பு மென்மையாகி ஓடு கோணும். சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும் என்பதால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இலேயே தடை விதித்தது. நட்சத்திர ஆமையோ நம் மண்ணுக்குரியது. அதை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019 முதல் பன்னாட்டு வணிகமும் அறவே கூடாது. இருந்தும் சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் அடைத்த ஆமைகள் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஏற்கெனவே வீட்டில் செங்காது ஆமை இருந்தால் அதை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். நீந்த ஆழமான தண்ணீர், ஏறி உலர ஒரு கல், தினமும் வெயில், பக்கத்தில் ஒதுங்க நிழல், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் இவையெல்லாம் வேண்டும். மேலிருந்து வரும் கையைப் பருந்து என்றே அது நினைக்கும். தூக்கிக் கொஞ்சாமல், எதிரே தரையில் உட்காருங்கள். தலையை உள்ளிழுக்கும்போது ‘உஸ்’ என்று வந்தால் அது சீற்றம் அல்ல, தலைக்கு இடம் தர நுரையீரல் காற்று வெளியேறும் ஓசை. வளர்ந்துவிட்டது, இடமில்லை என்று கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். உலகின் மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். உங்களால் முடியாத நாளில் அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை வீட்டாரோடு பேசி இப்போதே முடிவுசெய்யுங்கள். இன்னும் வாங்காதவர்கள் தயவுசெய்து வாங்கவே வேண்டாம்.