ஊதுலைக் கசடும் ராஜபாளையத்துச் சிமெண்டும்

ராஜபாளையத்தில் பதிவு அலுவலகம் கொண்ட ராம்கோ சிமெண்ட்ஸ் நிறுவனம், 1957-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜாவால் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, விருதுநகரை அடுத்து இன்று ராமசாமி ராஜா நகர் என வழங்கும் இடத்தில், அப்பகுதிச் சுண்ணாம்புக்கல்லை நம்பித் தன் முதல் ஆலையை அமைத்தது. அதே நிறுவனம் பிற்காலத்தில் மேற்கு வங்கத்தின் கோலாகாட்டிலும் ஆந்திரத்தின் விசாகப்பட்டினத்திலும் அரவை ஆலைகளை நிறுவிக் கசடுச் சிமெண்ட் தயாரித்தபோது, சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல் செய்த வேலையில் கணிசமான பங்கை இரும்பு உருக்காலைகள் ஒதுக்கித் தள்ளிய கசடு ஏற்றுக்கொண்டது.

இரும்புத்தாதுவையும் கற்கரியையும் சுண்ணாம்புக்கல்லையும் மேலிருந்து கொட்டி, கீழிருந்து வெப்பக்காற்றை ஊதி இரும்பை உருக்கும் உயரமான உலையே ஊதுலை எனப்படுகிறது. தாதுவிலும் கரியின் சாம்பலிலும் கலந்திருக்கும் சிலிக்கா, அலுமினா ஆகியவை சுண்ணாம்புடன் சேர்ந்து உருகி, இரும்பைவிட எடை குறைந்த குழம்பாக அதன்மேல் மிதக்கின்றன. இதுவே ஊதுலைக் கசடு. இந்தியத் தாதுவில் அலுமினாவும் இந்திய நிலக்கரியில் சாம்பலும் மிகுதி என்பதால், இங்கு ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 300 முதல் 400 கிலோ வரை கசடு சேர்கிறது.

இந்தக் கசடு குப்பையா, பண்டமா என்பதை முடிவு செய்வது அது ஆறும் வேகமே. சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வாய்க்கால் வழியே ஓடிவரும் குழம்பைக் குழியில் விட்டு மெல்ல ஆறவிட்டால், அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைத்து அது வெறும் கல்லாக இறுகிவிடும். ஜல்லியாக உடைக்கலாம், அவ்வளவுதான். அதே குழம்பின்மீது உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பாய்ச்சினால், நொடிப்பொழுதில் வெடித்துச் சிதறி, வெளிறிய மணல் போன்ற கண்ணாடித் துகள்களாகத் தொட்டியில் படிகிறது. ஒழுங்குபடாமல் உறைந்த இந்தக் கண்ணாடி, சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டவுடன் தண்ணீருடன் வினைபுரிந்து இறுகும் இயல்புடையது. 1862-இல் ஜெர்மனியில் எமில் லாங்கன் கண்டறிந்த இவ்வியல்பே கசடுச் சிமெண்டின் அடித்தளம்.

சாதாரணச் சிமெண்டின் உயிர்ப்பொருளான கிளிங்கரைப் பெறச் சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சுட வேண்டியிருப்பதால், எரிபொருளிலிருந்தும் கல்லிலிருந்தும் சேர்ந்து ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 0.8 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 455, கசடுச் சிமெண்டில் 25 முதல் 70 விழுக்காடு வரை கசடு இருக்க இடமளிப்பதால், அந்த அளவுக்குக் கிளிங்கரின் தேவை குறைகிறது. உப்புக்காற்று வீசும் கடலோரக் கட்டடங்களுக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் தொடக்கத்தில் மெதுவாக இறுகிப் பின்னரே முழு வலிமை பெறுவதால், தண்ணீர் விட்டு நனைப்பதை மேஸ்திரி மூன்றே நாளில் நிறுத்திவிட்டால் நல்ல சிமெண்டும் கெட்ட பெயர் வாங்கும்.

எஃகுக் கசடு ஊதுலைக் கசடிலிருந்து வேறுபட்டது. இரும்பை எஃகாக்கும் அடுத்த கட்டத்தில் பிரியும் இக்கசடில், வினைபுரியாமல் எஞ்சிய சுண்ணாம்பு தங்கிவிடுகிறது. அது ஈரம் பட்டு உப்புவதால், பக்குவப்படுத்தாமல் சாலைக்கு அடியில் பரப்பினால் சாலை புடைத்து வெடிக்கும். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடத்தியோ நீராவி பாய்ச்சியோ அந்தச் சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றிவிடுவது இதற்கு வழி. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டுதலில், குஜராத்தின் சூரத்தை அடுத்த ஹசீராவில் பதப்படுத்திய எஃகுக் கசடால் போடப்பட்ட ஆறு வழிச் சாலை 2022-இல் திறக்கப்பட்டு, மலையை உடைத்து எடுக்கும் ஜல்லிக்கு மாற்று உண்டு என்பதைக் கனரக லாரிகளின் சுமையின் கீழேயே காட்டியது.

சேலம் உருக்காலை தயாரிக்கும் துருப்பிடிக்காத எஃகு வகையில் சிக்கல் இன்னும் கூடுதல். அவ்வகைக் கசடு ஆறும்போது அதிலுள்ள ஒரு கால்சியம் சிலிக்கேட் வடிவம் மாறி விரிவதால், கட்டி தானாகவே பொடிந்து பறக்கும் தூசாகிவிடுகிறது. அதில் குரோமியமும் இருப்பதால், அது நச்சு வடிவம் எடுத்து நிலத்தடி நீரில் கசியாதபடி காப்பது ஆலைகளின் தலையாய கடமை. மறுபயன்பாடு என்ற நல்ல பெயரைக் காட்டி இந்தக் காப்பைத் தளர்த்துவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

உலை வாயுவை எரித்து மின்சாரம் எடுப்பது, தூசியையும் உருட்டாலைச் செதிலையும் மீண்டும் உலைக்கே அனுப்புவது போன்றவை பெரிய ஆலைகளில் வழக்கமாகிவிட்டன. கசடுக்கோ தூரமே தடை. விலை குறைந்த பாரமான பொருள் நெடுந்தொலைவு பயணம் செய்தால் லாரி வாடகையே அதன் விலையை விழுங்கிவிடும். அதனால்தான் மேட்டூருக்கு அருகிலுள்ள ஜே.எஸ்.டபிள்யூ. எஃகு நிறுவனத்தின் ஊதுலைகளை ஒட்டிச் சேலம் மாவட்டத்தில் கசடு அரைக்கும் சிமெண்ட் ஆலை அமைகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் வீடு கட்டுவோருக்கோ தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையங்களின் சாம்பல் கலந்த சிமெண்டே எளிதில் கிடைக்கிறது.

உலைக்கு முன்பே உண்டாகும் கழிவு இந்தக் கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தின் கவுத்திமலை, வேடியப்பன்மலைப் பகுதியில் இரும்புத்தாது வெட்டும் திட்டம் ஊர் மக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சேலம் கஞ்சமலையைப் போலவே அங்குள்ளதும் இரும்புச் சத்து ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காடே கொண்ட மாக்னடைட் பாறை என்பதால், அதைப் பொடித்துக் காந்தத்தால் பிரித்தெடுக்கும்போது வெட்டிய பாறையில் ஏறக்குறைய பாதி, சிலிக்கா மிகுந்த நுண்சேறாக மலையடியிலேயே தங்கும். அந்தச் சேற்றுக்கு, ஊதுலைக் கசடைப் போல, காத்திருந்து வாங்கிக்கொள்ளும் சிமெண்ட் ஆலை எதுவும் இல்லை.