குமிழி எங்கே பிறந்தது?

டிசம்பர் 31ஆம் தேதி. பாரிஸ் புறநகரில் ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் பன்னிரண்டு பேர் கூடுவதாக ஏற்பாடு. மட்டன் ரோல்ஸ், கட்லெட், மிளகு போட்டுப் பிரட்டிய இறால் எல்லாம் வீட்டம்மா பொறுப்பு. நள்ளிரவில் திறப்பதற்கு நுரைக்கும் வைன் வாங்கிவருவது என் பொறுப்பு. பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் அதற்கென்றே ஒரு சுவர் நீளத்துக்கு அலமாரி. ஒரு முனையில் 30 யூரோ ஷாம்பெயின், மறுமுனையில் 4 யூரோவுக்கு ஏதோ ஒன்று, நடுவில் க்ரெமான், காவா, ப்ரொசெக்கோ. எனக்குத் தித்திப்பு ஆகாது. ஒரு ப்ரொசெக்கோவில் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று போட்டிருந்தது. இதைவிடச் சர்க்கரை குறைந்தது இருக்க முடியாது என்று மூன்றை எடுத்துக் கூடையில் போட்டேன்.

நள்ளிரவில் ஒரு வாய் குடித்துவிட்டு நண்பர் என்னைப் பார்த்தார்.

“தம்பி, சோடாவுக்குச் சீனி போட்ட மாதிரிக் கிடக்கு. ரோல்ஸோட சரிவராது.”

“எக்ஸ்ட்ரா டிரைன்னுதான் போட்டிருக்குண்ணே.”

“போத்தலில எழுதிக் கிடக்கிறதை எல்லாம் நம்புறதோ?”

நம்பலாம். எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. சர்க்கரை அளவைச் சொல்லும் இந்தச் சொற்களை ஐரோப்பியச் சட்டமே வரையறுத்து வைத்திருக்கிறது. சர்க்கரையே சேர்க்காமல் லிட்டருக்கு 3 கிராமுக்குள் இருந்தால் ப்ரூட் நாச்சர். 6 கிராம் வரை எக்ஸ்ட்ரா ப்ரூட், 12 வரை ப்ரூட். அதைத் தாண்டி 17 வரை போவதுதான் என் காலை வாரிய எக்ஸ்ட்ரா டிரை. வெறும் ‘டிரை’ என்றால் இன்னும் இனிப்பு, 32 வரை. டெமி-செக் 50 வரை.

‘மிகவும் வறண்டது’ என்று பொருள்படும் பெயர் இனிப்பின் பக்கம் போய் உட்கார்ந்ததற்கு ஒரு பழைய கதை உண்டு. 2010இல் பால்டிக் கடலடியில் மூழ்கிக் கிடந்த கப்பலொன்றிலிருந்து, சுமார் 170 ஆண்டுகள் பழைய ஷாம்பெயின் புட்டிகளை எடுத்தார்கள். சோதித்துப் பார்த்தால் லிட்டருக்கு 150 கிராம் அளவில் சர்க்கரை. அந்தக் காலத்தில் அதைப் பாயசம் போலத்தான் குடித்திருக்கிறார்கள். அந்தப் பாயசத்தோடு ஒப்பிட்டால் 15 கிராம் வறட்சிதான். பிறகு நாக்கு மாறிவிட்டது, பெயர் அப்படியே நின்றுவிட்டது.

இனிப்புக் கணக்கு இதோடு சரி. அலமாரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அவ்வளவு விலை வித்தியாசம் ஏன் என்பதுதான் சுவையான கேள்வி. ஒரே கேள்வியில் பாதிப் பதில் கிடைத்துவிடும்: இந்தக் குமிழி எங்கே பிறந்தது?

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தின் மூடியைத் தூக்குவதும் இதே வாயுவால்தான். சாதாரண வைன் நொதிக்கும்போது வாயு காற்றோடு போய்விடும். அது வெளியேற வழியில்லாமல் செய்துவிட்டால் வைனிலேயே கரைந்து காத்திருக்கும். மொத்த வித்தையும் இதுதான். அடைக்கும் இடம் மூன்று வகை.

முதல் வகை, புட்டிக்குள்ளேயே பிறந்தது. பிரான்சின் வடகிழக்கில் ரீம்ஸ், எபெர்னே நகரங்களைச் சுற்றிய ஷாம்பெயின் வட்டாரத்தில் குளிர் அதிகம். இலையுதிர் காலத்தில் நொதிக்கத் தொடங்கிய வைன் பனிக்காலத்தில் பாதியில் உறங்கிவிடும். வசந்தத்தில் வெயில் பட்டதும் மறுபடி விழிக்கும். அதற்குள் புட்டியில் அடைத்திருந்தால் போச்சு, நிலவறையில் வரிசையாக வெடிக்கும். ஓவில்லே மடாலத்தில் 1668 முதல் 1715 வரை வைன் பொறுப்பில் இருந்த துறவி தோம் பெரிஞோன் குமிழியைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அவர் பாவம், அதை ஒழிக்கத்தான் பாடுபட்டார். சர்க்கரை சேர்த்தால் வைன் நுரைக்கும் என்று 1662இலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டுவிட்டது. எழுதியவர் கிறிஸ்டோபர் மெரெட். நிலக்கரி உலையில் வார்த்த கெட்டிக் கண்ணாடிப் புட்டிகள் இங்கிலாந்தில் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

இன்று இதைத் தெரிந்தே செய்கிறார்கள். ஏற்கெனவே நொதித்து முடிந்த வைனைப் புட்டியில் ஊற்றி, லிட்டருக்கு சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, சோடா மூடி போட்டு நிலவறையில் படுக்க வைப்பார்கள். 4 கிராம் சர்க்கரைக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது கணக்கு. ஆக 24 கிராமுக்கு ஆறு. கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஷாம்பெயின் புட்டி ஏன் அவ்வளவு கனம் என்பது தூக்கிப் பார்த்தாலே புரியும்.

சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் செத்து வண்டலாகப் படியும். அதோடு அதன் வேலை முடிவதில்லை. செத்த ஈஸ்ட் மெல்ல மெல்லக் கரைந்து வைனில் கலக்கும்; சுட்ட ரொட்டி, வறுத்த பருப்பு போன்ற மணம் வருவது அதனால்தான். இதை அவசரப்படுத்த முடியாது. ஆண்டு போடாத ஷாம்பெயினுக்குச் சட்டப்படி குறைந்தது 15 மாதம், ஆண்டு போட்டதற்கு மூன்று வருஷம். அத்தனை நாளும் நிலவறைக்கு வாடகை, முதலீட்டுக்கு வட்டி. நாம் கொடுக்கும் விலையில் காலத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

வண்டலை எப்படி எடுப்பது? 27 வயதில் கணவரை இழந்து, ரீம்ஸில் வைன் கம்பெனியை ஏற்று நடத்திய மதாம் க்ளிக்கோ 1816 வாக்கில் ஒரு வழி கண்டார். துளையிட்ட பலகையில் புட்டிகளைக் கழுத்து கீழே சாயும்படி செருகி, தினமும் சின்னத் திருகு. சில வாரங்களில் வண்டல் முழுக்கக் கழுத்துக்கு வந்து சேரும். பிறகு கழுத்தை மட்டும் கடுங்குளிர்க் கரைசலில் முக்கி உறைய வைத்து மூடியைத் திறந்தால், பனிக்கட்டித் துண்டாக வண்டல் தெறித்து வெளியே விழும். குறைந்த அளவை வைனும் சர்க்கரையும் கலந்து நிரப்பித் தக்கை போடுவார்கள். ப்ரூட்டா டெமி-செக்கா என்பது முடிவாவது அந்தக் கடைசி ஊற்றலில்தான். கைதேர்ந்த ஆள் ஒரு நாளில் 40,000 புட்டிகள் வரை திருகுவாராம். மணிக்கட்டு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு வலிக்கிறது.

அந்த மணிக்கட்டுக்கு விடுதலை வந்தது ஸ்பெயினின் கட்டலோனியாவிலிருந்து. ஐந்நூற்றுச் சொச்சம் புட்டிகளை ஒரே இரும்புக் கூண்டில் அடுக்கி, மோட்டார் வைத்துச் சாய்த்துத் திருப்பும் இயந்திரத்தை 1970களில் அங்கே உருவாக்கினார்கள். வாரக்கணக்கான வேலை சில நாட்களில் முடிந்தது. ருசியில் குறை ஏதும் இல்லை. ஷாம்பெயின்காரர்களும் சத்தமில்லாமல் அதையே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டு விருந்துக்கு என்னுடைய முதல் சிபாரிசு அந்தக் கட்டலோனியாவின் காவாதான். பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் சான் சதுர்னி தனோயா என்ற ஊரில் 1872இல் கொதொர்னியு குடும்பத்துப் பண்ணையில் தொடங்கியது. புட்டிக்குள் நொதிப்பது, வண்டல் மேல் உறங்குவது, கழுத்தை உறைய வைப்பது என்று செய்முறை ஷாம்பெயினுக்கு உள்ளதேதான். காத்திருப்பு மட்டும் குறைந்தது 9 மாதம். ‘கிரான் ரெசெர்வா’ என்றால் 30 மாதம். ஷாம்பெயினில் ஒரு கிலோ திராட்சையே 6 யூரோவைத் தாண்டும், ஒரு புட்டிக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். கட்டலோனியாவில் பழம் அவ்வளவு விலை இல்லை. சிக்கனம் அங்கேதான், செய்முறையில் கிடையாது.

காவாவின் ருசி மூன்று உள்ளூர்த் திராட்சைகளின் கூட்டு. மக்கபேயு பழவாசனைக்கு, பரெல்யாதா மென்மைக்கு, ஷரேல்லோ புளிப்புக்கும் கட்டுக்கும். சாம்பார் பொடியில் மல்லியும் மிளகாயும் பருப்பும் தனித்தனியே என்ன செய்கின்றனவோ அதைப் போல. ஷாம்பெயினும் கலவைதான்: ஷார்தொனே, பினோ நுவார், மெயுனியே. இதில் இரண்டு கறுப்புத் திராட்சை. நிறம் தோலில்தான் இருக்கிறது என்பதால் மெதுவாகப் பிழிந்தால் சாறு வெள்ளையாகவே வரும். இது தவிர இன்னொரு கலப்பும் உண்டு: பழைய ஆண்டுகளின் வைனைச் சேமித்து வைத்து, இந்த ஆண்டு வைனோடு சேர்ப்பது. மழை கெடுத்த வருஷத்தை வெயில் அடித்த வருஷம் தாங்கிக்கொள்ளும். ஆகவே புட்டியில் ஆண்டு இல்லையே என்று ஒதுக்க வேண்டாம். வருஷா வருஷம் ஒரே ருசி தர வேண்டும் என்ற உழைப்பு அதில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களுக்கே ஷாம்பெயின் கட்டுபடியாகாத நாளில் கைகொடுப்பது க்ரெமான். அல்சாஸ், லுவார், பூர்கோஞ், லிமூ போன்ற வட்டாரங்களில் அதே புட்டி முறையில் செய்வது. விலை 8, 10 யூரோ. பூர்கோஞ் க்ரெமானில் ஷாம்பெயினின் அதே ஷார்தொனேயும் பினோ நுவாரும் இருக்கும். கண்ணைக் கட்டிக் கொடுத்தால் நான் நிச்சயம் தோற்றுப்போவேன்.

இரண்டாம் வகை, தொட்டியில் பிறந்தது. அழுத்தம் தாங்கும் பெரிய எஃகுத் தொட்டியில் மொத்தமாக இரண்டாம் முறை நொதிக்க வைத்து, வடிகட்டி, அழுத்தம் குறையாமல் புட்டியில் நிரப்புவது. இத்தாலியில் ஃபெதெரிகோ மார்த்தினோத்தி 1895இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1907இல் பிரான்சின் யூஜின் ஷார்மா மெருகேற்றினார். பேர் வாங்கிக்கொண்டவர் இரண்டாமவர். ப்ரொசெக்கோ இப்படித்தான் வருகிறது. தொட்டி முறை மட்டம் என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ப்ரொசெக்கோவின் க்ளேரா திராட்சைக்குப் பச்சை ஆப்பிள், பேரிக்காய், வெள்ளைப்பூ என்று மெல்லிய வாசனை. இரண்டு வருஷம் வண்டலில் போட்டால் ரொட்டி மணம் அதை அமுக்கிவிடும். மல்லிகையைச் சமையலறையில் தொங்கவிட்ட மாதிரி. அதை வாங்கிய வருஷமே குடித்துவிட வேண்டும்.

அதே தொட்டி வழியில் வருவது மொஸ்காதோ தாஸ்தி. வடமேற்கு இத்தாலியின் அஸ்தி பக்கத்துச் சரக்கு. நொதித்தலைப் பாதியிலேயே குளிர்வித்து நிறுத்திவிடுவதால் திராட்சையின் சர்க்கரை மிச்சமிருக்கும், சாராயம் 5 சதவீத அளவில்தான், குமிழியும் மெல்லியது. முதன்முதலில் இதை மூக்கருகே கொண்டுபோனபோது எனக்குக் கம்பம் பஸ் நிலையம் நினைவுக்கு வந்தது. மூக்கு பொய் சொல்லவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு பெற்றதே, அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அதன் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. அலெக்சாண்ட்ரியாவின் பெற்றோரில் ஒன்று, அஸ்திக்காரர்கள் பிழியும் வெள்ளை மஸ்கட். கம்பத்துப் பழம் இதற்குப் பேரப்பிள்ளை முறை. லினலூல், ஜெரானியால் போன்ற ரோஜாவிலும் உள்ள வாசனைப் பொருட்கள் வம்சம் முழுக்க இறங்கியிருக்கின்றன. ‘பன்னீர்’ என்று பேர் வைத்தவர் வேதியியல் படிக்கவில்லை, ஆனால் சரியாகச் சொல்லிவிட்டார். கேசரிக்கும் பழத்துக்கும் இதைப் போலப் பொருந்துவது வேறில்லை.

மூன்றாம் வகை, கோலி சோடா மாதிரி வெளியிலிருந்து வாயுவை ஏற்றியது. அலமாரியின் 4 யூரோ முனையில் புட்டியின் பின்புறம் ‘கசெய்ஃபியே’ என்று பொடி எழுத்தில் இருந்தால் அதுதான். குமிழி பெரிதாகக் கிளம்பிப் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

பழச்சாறு கலப்பதாக இருந்தால் விலையுயர்ந்தது வேண்டாம். வெனிஸின் ஹாரிஸ் பாரில் ஜுசெப்பே சிப்ரியானி உண்டாக்கிய பெல்லினியே வெள்ளைப் பீச் பழக்கூழும் ப்ரொசெக்கோவும்தான். ஆரஞ்சுச் சாற்றில் ஷாம்பெயினை ஊற்றுவது பட்டுப்புடவையில் மேசை துடைப்பது.

கணக்குக்கு வருவோம். 750 மில்லி புட்டியில் 125 மில்லி வீதம் ஆறு கோப்பை. பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு கோப்பை என்றால் இரண்டு புட்டி, சாப்பாட்டோடு தொடர்வதானால் ஐந்தாறு. ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் போதும். மறந்துவிட்டால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பி அரைமணி. வெறும் ஐஸ் போட்டால் கட்டிகளுக்கு நடுவே காற்று நின்றுவிடும், சீக்கிரம் குளிராது. குளிராத புட்டியைத் திறந்தால் வைனில் பாதி விரிப்புக்குத்தான். கம்பிக் கூண்டை ஆறு அரைத்திருகில் தளர்த்தி, தக்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி புட்டியைத் திருப்ப வேண்டும், தக்கையை அல்ல. வாயை யார் முகத்துக்கும் நேரே காட்டக் கூடாது. ஆறு வளிமண்டல அழுத்தம் கண்ணுக்கு விளையாட்டில்லை.

ரீம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் இந்தக் குமிழிகளையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர். கோப்பையில் குமிழி கிளம்புவது பெரும்பாலும் அதில் ஒட்டியிருக்கும் துணி நூலிழை, தூசு இவற்றின் நுண்ணிய குழலுக்குள் மாட்டிய காற்றிலிருந்துதான் என்று காட்டினார். பளிங்குபோல் சுத்தமான கோப்பையில் குமிழியே எழும்பாது. பருத்தித் துணியால் துடைத்த கோப்பைக்கு இதனால் ஒரு மரியாதை வந்துவிட்டது. கோப்பையைச் சாய்த்து, பக்கவாட்டில் வழியவிட்டு ஊற்றினால் வாயு கூடுதலாகத் தங்கும் என்று அவர் குழு 2010இல் அளந்தும் காட்டியது. பீர் ஊற்றுகிறவர்களுக்கு இது புதிதில்லை.

மறு வருஷம் அதே வீட்டுக்குக் காவா ப்ரூட் நான்கும், இனிப்புக்கு மொஸ்காதோ ஒன்றும் வாங்கிப் போனேன். ரோல்ஸின் எண்ணெயைக் காவாவின் புளிப்பு ஒவ்வொரு வாய்க்கும் கழுவிவிட்டது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, கோப்பையை மட்டும் இன்னொரு முறை நீட்டினார். இரவு ஒரு மணிக்கு அரைப் புட்டி மிஞ்சியது. அவர் அலமாரியிலிருந்து வெள்ளிக் கரண்டி ஒன்றை எடுத்து, காம்பு உள்ளே போகும்படி புட்டி வாயில் தொங்கவிட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். பிரான்ஸ் முழுக்கப் பரவிய வைத்தியம் இது. சோதித்துப் பார்த்தவர்கள் கரண்டியால் ஒரு பயனும் இல்லை, குளிர்தான் வாயுவைப் பிடித்து வைக்கிறது என்று கண்டிருக்கிறார்கள், இறுகப் பூட்டும் ரப்பர் மூடி ஒன்று மூன்று யூரோவுக்குக் கிடைக்கும் என்றெல்லாம் விளக்கினேன். மறுநாள் காலை புட்டியை எடுத்து ஊற்றினார். குமிழி இருந்தது.

“பாத்தீரே,” என்றார், “கரண்டி.”