சந்தைக்கு இடம் தேடும் முன் வயலைத் திட்டமிடுங்கள்!

மண்டியில் கிலோ 20 ரூபாய்க்குப் போட்ட கத்தரிக்காய், அன்று மாலையே டவுன் கடையில் 40 ரூபாய்க்கு விற்கிறது. இதைப் பார்க்கும் எந்த விவசாயிக்கும் ‘நாமே நேரடியாக விற்றால் என்ன?’ என்று தோன்றும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை போடுவது பெரிய வேலையல்ல. முதல் இரண்டு வாரம் கூட்டமும் வரும். நான்காவது மாதமும் அதே கூட்டம் வர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி.

உழவர் சந்தை தரும் பாடம்

நமக்குப் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பஞ்சாபின் ‘அப்னி மண்டி’யும் ஆந்திராவின் ‘ரைத்து பஜாரு’ம் அதற்கு முன்னோடிகள். கடைக்கு வாடகை கிடையாது. தராசை நிர்வாகமே கொடுக்கும். ஆனால், நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு விதிகள்.

ஒன்று, புகைப்பட அடையாள அட்டை. நிலமும் பயிரும் உண்மையா என்று அதிகாரிகள் சரிபார்த்த பிறகே விவசாயிக்கு அட்டை கிடைக்கும். இந்தக் காவல் தளர்ந்தால், விவசாயி பெயரில் வியாபாரி உட்கார்ந்துவிடுவார். இரண்டு, விலை. மொத்த விலையைவிட 20 சதவிகிதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிட 15 சதவிகிதம் குறைவாகவும் இருக்கும்படி விலை வைப்பது அங்கே வழக்கம். விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். நாம் தொடங்கும் சிறிய சந்தைக்கும் இந்த இரண்டும் பொருந்தும்.

மீதமாகும் காயில்தான் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ கத்தரிக்காயை மண்டியில் கிலோ 20 ரூபாய்க்குப் போட்டால் 1,000 ரூபாய். கமிஷன் 100 ரூபாய், வண்டி வாடகை, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 750 ரூபாய்.

நேரடிச் சந்தையில் மேலே சொன்ன முறைப்படி விலை 24 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் இடையில் அமையும். 30 ரூபாய் என்று வைப்போம். வண்டிக்கும் சந்தைப் பொதுச் செலவுக்கும் 200 ரூபாய். முழுவதும் விற்றால் 1,300 ரூபாய் மிஞ்சும். ஆனால், 25 கிலோ மட்டும் விற்றால் மிஞ்சுவது 550 ரூபாய்தான், மண்டியைவிடக் குறைவு! மீதிக் காய்க்கு வேறு வழி இல்லையென்றால், குறைந்தது 32 கிலோ விற்றால்தான் மண்டியைத் தாண்ட முடியும். இதில் உங்கள் அரை நாள் உழைப்பைச் சேர்க்கவே இல்லை.

அதனால் பத்துப் பேரும் கத்தரியைக் கொண்டுவந்தால் பத்துப் பேருக்கும் நஷ்டம். பத்துப் பேர் பத்து விதமாகக் கொண்டுவந்தால், வரும் குடும்பம் ஒரு வாரக் காயை ஒரே இடத்தில் வாங்கிவிடும். அப்படி வாங்கியவர்கள்தான் அடுத்த வாரமும் பையோடு வருவார்கள்.

முதல் கூட்டம் விதைப்புக்காக!

சந்தை தொடங்க மூன்று மாதம் முன்பே உட்கார்ந்து, யார் எதை, எப்போது விதைப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிறுகீரை ஏறத்தாழ 25 நாளில் அறுவடைக்கு வரும். ஒரே நாளில் மொத்தப் பாத்தியிலும் விதைத்தால் ஒரு வாரம் குவியும், அடுத்த வாரம் கடை காலி. நான்கு பாத்தி பிரித்து வாரத்துக்கு ஒன்றாக விதையுங்கள். வாரம் தவறாமல் கீரை வரும்.

வெண்டை அப்படியல்ல. ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், இல்லையென்றால் முற்றிவிடும். வாரச்சந்தைக்கு அதில் ஒரு பறிப்புதான் உதவும். மற்றவற்றுக்கு மண்டியோ, உள்ளூர்க் கடையோ தேவை. ஆகவே, மண்டியை அடியோடு விட்டுவிடாதீர்கள். கருணைக்கிழங்கு, பூசணி, சின்ன வெங்காயம், தேங்காய், பயறு வகைகள் சில நாள் தாங்கும். அழுகும் காயோடு இவற்றையும் வைத்தால் மீதமாகும் கவலை குறையும்.

நோட்டில் எழுத வேண்டிய விதிகள்

* தன் நிலத்தில் விளைந்ததை மட்டுமே விற்க வேண்டும். இரண்டு உறுப்பினர்கள் மாதம் ஒருமுறை மற்றவர் வயலைப் பார்த்து வர வேண்டும். வயலில் இல்லாத காய் கடையில் இருந்தால் என்ன நடவடிக்கை என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.
* காலையில் கூடிப் பேசி விலையைக் கரும்பலகையில் எழுதுங்கள். கடைசி நேரத்தில் குறைப்பதென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் குறைக்க வேண்டும். ஒருவர் மட்டும் குறைத்தால் அன்றே மனஸ்தாபம் தொடங்கும்.
* பொதுச் செலவுக்கு வாரம் ஒரு தொகை. வரவு செலவை ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்க்கட்டும்.

இடமும் தராசும்

இடம் பஞ்சாயத்துக்குச் சொந்தமானால் பஞ்சாயத்திடமும், கோயில் இடமானால் கோயில் நிர்வாகத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பக்கத்தில் பழைய வாரச்சந்தை இருந்தால் அந்த நாளைத் தவிருங்கள். அங்கே சுங்கம் ஏலம் எடுத்தவரோடு தகராறு வேண்டாம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். வயலிலிருந்து வரும் காய், கீரைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவைப்படாது. ஆனால் செக்கு எண்ணெய், முறுக்கு, மசாலாப் பொடி விற்பவர்கள் பதிவுச் சான்று எடுத்துக்கொள்வது அவசியம்.

வாசகர் கேள்விகள்

‘மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறேன். சந்தையில் சேரலாமா?’

முன்பணம் எந்தப் பயிருக்கு என்று பாருங்கள். அந்தப் பயிரைச் சொன்னபடி மண்டிக்கே கொடுங்கள். வரப்போரம் கீரை, வீட்டருகே முருங்கை, பந்தலில் பீர்க்கன் என்று வேறு ஒன்றை மட்டும் சந்தைக்குக் கொண்டுவாருங்கள். அந்த வருமானத்தைத் தனியாகச் சேர்த்து முன்பணத்தை அடைத்த பிறகு, சந்தைப் பங்கைக் கூட்டலாம். அவசரப்பட்டு உறவை முறித்தால், காய் குவியும் மாதத்தில் போக்கிடம் இருக்காது.

‘இயற்கை விளைபொருள் என்று பலகை வைக்கலாமா?’

எல்லோருமே அப்படி விளைவித்தால் மட்டும். குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் ஆய்வு செய்து சான்று பெறும் ‘பி.ஜி.எஸ். இந்தியா’ முறை இருக்கிறது. பாதிப் பேர்தான் இயற்கை விவசாயம் என்றால், அவரவர் கடையில் அவரவர் முறையை எழுதி வையுங்கள். ஒருவர் சொல்லும் பொய் பத்துப் பேரின் வாடிக்கையாளர்களையும் விரட்டிவிடும்.

அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும் முன்பே பக்கத்து வயல்காரரோடு பேசுங்கள். யார் எந்தக் காய், யார் எந்த வாரம் என்று முடிவானபிறகு மரத்தடியில் பாய் விரித்தாலும் சந்தை நடக்கும்.