பயம் ஒரு பக்கம், ஆபத்து இன்னொரு பக்கம்

எங்காவது ஒரு செயின் பறிப்பு நடந்தால், அன்று மாலைக்குள் அதன் சிசிடிவி காட்சி எல்லாச் செய்திச் சேனல்களிலும் வந்துவிடுகிறது. பைக்கில் இருவர் வருகிறார்கள், வாசலில் கோலம் போடும் பெண் நிமிர்வதற்குள் கழுத்தில் கை விழுகிறது, வண்டி பறக்கிறது. பத்து விநாடிக் காட்சிதான். அதற்குச் சிவப்பு வட்டம் போட்டு, இசை சேர்த்து, திரும்பத் திரும்ப ஓட்டும்போது பார்ப்பவர் மனதில் ஒரு பறிப்பு ஐம்பதாகிவிடுகிறது. அதே தெருவில் சாத்திய கதவுக்குப் பின்னால் கணவனிடம் அடி வாங்கும் பெண்ணுக்கு சிசிடிவி கிடையாது. கேமரா எங்கே பார்க்கிறதோ அங்கேயே நம் பயமும் போய் நிற்கிறது. குற்றவாளி என்றதும் முன்பின் தெரியாதவன், இரவில் வருபவன், பெரும்பாலும் வெளியூர்க்காரன் என்றே ஓர் உருவம் எழுகிறது. பதிவான வழக்குகள் காட்டும் உருவம் வேறு. பயம் ஒரு பக்கமும் ஆபத்து இன்னொரு பக்கமும் இருப்பதால், நிஜ ஆபத்து வரும்போது நாம் தயாராக இருப்பதில்லை. அதற்கென்றே சட்டம் கொடுத்திருக்கும் உரிமைகளும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். நாடு முழுவதும் பதிவான கொலைகள் 28,522. இவற்றில் 9,962 ஏதோ ஒரு தகராறில் நடந்தவை. 3,761 முன்விரோதத்தில் நடந்தவை. ஆதாயத்துக்காக நடந்தவை 1,884 மட்டுமே. வீட்டுச் சண்டையிலும் சொத்துச் சண்டையிலும் தெருச் சண்டையிலும் போன உயிர்கள், பணம் நகைக்காகப் பறிக்கப்பட்ட உயிர்களைப் போல ஐந்து மடங்கு. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு பதிவான கொலை 1,690. சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். ஆனாலும் ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல் வைத்து வண்டி ஓட்டிக்கொண்டே, ‘ஊரு ரொம்பக் கெட்டுப்போச்சு’ என்று பேசிக்கொள்கிறோம். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்கு 95க்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்தவர், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவர். பெண்களுக்கு எதிரான குற்றங்களாக அந்த ஆண்டு பதிவான 4,45,256 வழக்குகளில் மிகப் பெரிய பங்கு, ஏறத்தாழ மூன்றில் ஒன்று, கணவரும் அவர் வீட்டாரும் செய்த கொடுமை.

போலீஸ் கணக்கை எப்படி நம்புவது, பாதி வழக்கு பதிவே ஆவதில்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஐடிஎஃப்சி நிறுவனம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், திருட்டுக்கு ஆளானவர்களில் மிகச் சிறு பங்கினரின் புகார்தான் முதல் தகவல் அறிக்கை வரை போயிருந்தது. ஆனால் எந்தக் குற்றம் அதிகமாக மறைகிறது என்று பார்த்தால் இந்த ஆட்சேபம் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு உள்ளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. பறிபோன செயினுக்காக ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள், மாமனார் வீட்டில் வாங்கிய அடிக்காகப் போவதில்லை. மறைந்த வழக்குகளையெல்லாம் வெளியே கொண்டுவந்தால், குற்றம் வீட்டுக்குள் இன்னும் கூடுதலாகத் தெரியுமே தவிர தெருவுக்கு நகராது. இதற்கு நேர்மாறாக, ஓர் எண் பெரிதாகத் தெரிவதாலேயே நிலைமை மோசம் என்று முடிவுகட்டவும் முடியாது. 2022இல் ஆட்கடத்தல் வழக்குகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. படித்ததும் பகீர் என்கிறது. ஆனால் குழந்தையைக் காணவில்லை என்று புகார் வந்தாலே கடத்தல் நடந்திருப்பதாகக் கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டில் கோபித்துக்கொண்டு ரயிலேறிய சிறுவனும், காதலனோடு கிளம்பிப்போன பதினேழு வயதுப் பெண்ணும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். பதிவு கூடியிருப்பது காவல்துறை வேலை செய்வதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

திசை தப்பிய பயம் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் ஊருக்குள் புகுந்திருப்பதாக 2018இல் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்றின. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு காரை நிறுத்திய குடும்பத்தை ஊரே கூடி அடித்தது. குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு பல மாநிலங்களில் பரவிய ‘பிள்ளை கடத்தல்’ வீடியோ, உண்மையில் பாகிஸ்தானின் கராச்சியில் ஓர் அமைப்பு குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் தூக்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு அறிவிப்புப் பலகை காட்டும் கடைசிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். விழிப்புணர்வு என்ற பெயரில் வருவதெல்லாம் விழிப்பைத் தருவதில்லை. இந்தக் கட்டுரையையும் அந்தச் சந்தேகத்தோடே படிக்கலாம். இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரைப் பிறந்த இடம், மொழி, சாதி போன்ற காரணங்களுக்காகக் கொன்றால் ஒவ்வொருவருக்கும் ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்கிறது. கூட்டத்தோடு சேர்ந்து நானும் ஒரு அடி போட்டேன் என்பது அங்கே செல்லாது. குழந்தை விஷயத்தில் சந்தேகம் எழுந்தால் கூப்பிட வேண்டியது குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது அவசர எண் 112. ஊர்க்காரர்களைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதை அத்திமூர் காட்டிவிட்டது.

பயம்தானே நம்மைக் காப்பாற்றுகிறது, பெண்கள் இரவில் வெளியே போகாததால்தானே தெருவில் குற்றம் குறைவாகத் தெரிகிறது என்பது இன்னொரு ஆட்சேபம். இதை லேசாகத் தள்ள முடியாது. நடமாட்டம் குறைந்த இடத்தில் குற்ற எண்ணிக்கையும் குறையத்தான் செய்யும். தெருவில் நடக்கும் சீண்டல் கற்பனையும் அல்ல. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழக மாணவியரை ஆராய்ந்த பொருளியலாளர் கிரிஜா போர்க்கர், பாதுகாப்பான வழித்தடத்துக்காக மாணவியர் தங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியை விட்டுத் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டினார். படிப்பையும் வேலையையும் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அது. அப்படி விலை கொடுத்து அவள் திரும்பி வரும் வீடு பத்திரமானதுதானா என்று புள்ளிவிவரம் கேட்கிறது. தெருவிளக்கும் கடைசிப் பேருந்தும் ஆள் நடமாட்டமும் கேட்டு வாங்க வேண்டிய உரிமைகள். ‘ஏழு மணிக்கு மேல் எங்கே போகிறாய்’ என்ற அதட்டல் அவற்றுக்கு ஈடாகாது.

வீட்டுக்குள் நடப்பதற்கு வழி உண்டு. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மனைவி மட்டுமல்லாமல் தாய், சகோதரி, சேர்ந்து வாழும் பெண் ஆகியோரும் நீதிமன்றத்தை அணுகலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு; ‘என் வீட்டை விட்டு வெளியே போ’ என்ற மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை. மனு கொடுத்தால் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை தேதி தர வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும்தான். ஆனாலும் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் புகாரைப் பதிவு செய்வதும், பெண்கள் உதவி எண் 181க்கு அழைப்பதும் பின்னால் வழக்குக்குச் சான்றாக நிற்கும். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டம் இன்னும் கடுமையானது: குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. ‘குடும்ப மானம்’ என்று மூடி மறைக்கும் பெரியப்பாவுக்கும் பள்ளியின் பேரைக் காப்பாற்றும் தாளாளருக்கும் இது பொருந்தும். குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடை இல்லாமல் குழந்தை இருக்கும் இடத்துக்கே வந்து வாங்க வேண்டும். இரவில் எக்காரணம் கொண்டும் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை திருடன் சுவரேறிக் குதிப்பதை நிறுத்திவிட்டுப் போனில் வரத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2024இல் இணைய மோசடியில் இந்தியர்கள் இழந்த தொகை 22,800 கோடி ரூபாய்க்கு மேல் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இதில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ எனும் வகை நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது, ஏனென்றால் அதன் முதலீடே குற்றத்தைப் பற்றியும் போலீஸைப் பற்றியும் நமக்கு இருக்கும் பயம்தான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்று ஒரு குரல். பிறகு வீடியோ அழைப்பில் சீருடை, பின்னால் ஒரு முத்திரை, மேஜையில் கோப்பு. ‘கேமராவை அணைக்கக் கூடாது, மகனிடம்கூடச் சொல்லக் கூடாது, சரிபார்க்கும் வரை பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்.’ ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மருத்துவர்களும் மணிக்கணக்கில் அந்தத் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் படிப்பு இருக்கிறது. கைது என்றால் என்ன என்ற அறிவு இல்லை. வீடியோ அழைப்பில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வற்புறுத்தவே கூடாது. அவர்கள் வீட்டுக்குத்தான் போலீஸ் வர வேண்டும். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒருவன் சொன்னால், உறவினருக்குத் தெரிவிக்கச் சொல்லும் சட்டத்தை அறிந்தவருக்கு அந்த ஒரு வாக்கியமே போதும்.

பணம் போய்விட்டால் முதலில் செய்ய வேண்டியது இணைய மோசடி உதவி எண் 1930க்கு அழைப்பது. போன பணம் ஒரு கணக்கில் தங்கியிருக்கும் வரைதான் அதை முடக்க முடியும். அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்த பிறகு துரத்துவது கடினம். வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்தால் அந்த இரண்டு நாளும் திருடனுக்கு லாபம். வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்து, 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பில்லை. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் சொல்லும் வரை போனது உங்கள் நஷ்டம். சொன்ன பிறகும் போனால் வங்கி பொறுப்பு.

எந்தக் குற்றமானாலும் கடைசியில் ஒரு காகிதத்தில்தான் நிற்கிறது. தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் கையில் தரப்படுவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு அது சான்று, அவ்வளவுதான். வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்து அதை மடித்து வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர். முதல் தகவல் அறிக்கையில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் இருக்கும். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். கைது செய்யத்தக்க குற்றம் எனத் தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். இணைய வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். 3 முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் மட்டும், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முன்விசாரணை நடத்த இடமுண்டு. பதிய மறுத்தால் புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்கும் கடமையும் இப்போது சட்டத்தில் இருக்கிறது. இதைக் கேட்டுப் பார்க்கிறவர்கள் அபூர்வம்.

ஸ்டேஷனுக்குள் போகவே பயமாக இருக்கிறதே, அந்தப் பயமும் தவறா என்று கேட்டால், தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா பொருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆதாரம் உள்ள பயம் அது. ஆனால் அதற்கும் தற்காப்பு உண்டு. தனியே போகாமல் ஒருவரை உடன் அழைத்துப் போவது, புகாரை முன்கூட்டியே எழுதி இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்குவது, வாயால் சொல்லிவிட்டு வராமல் தேதி நேரம் இடம் எல்லாம் எழுத்தில் வைப்பது ஆகியவை எளிய காரியங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம், 15100க்கும் அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு அங்கே வருமானச் சான்றிதழ் தேவையில்லை. மாதம் லட்ச ரூபாய் சம்பாதிக்கும் பெண்ணும் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம்.